கரியும் கறியும்: டர்பனில் நல்ல பிராய் கடை தேடுவோருக்கு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் மாதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தத் தெருவில் நடந்தாலும் கொழுப்பு நெருப்பில் சொட்டும் வாசனை, மதில்சுவருக்கு மேல் புகை. ஊரே கறி சுட்டுக்கொண்டிருக்க, நான் கைப்பேசியில் 'அருகிலுள்ள பார்பிக்யூ உணவகம்' என்று தட்டித் தேடி, நட்சத்திரம் அதிகமிருந்த ஒரு கடைக்குப் போனேன். தேன் மாதிரி இனிப்புச் சாறு பூசிய விலா எலும்பு வந்தது. கைகழுவப் போகும் வழியில் சமையலறை கண்ணில் பட்டது. எரிவாயு அடுப்பு. கடையின் பெயர் வேண்டாம், பாவம்.

அன்று மாலை, சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருந்த வீட்டுக்கார அங்கிளிடம் இதைச் சொன்னேன். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் நான்காம் தலைமுறைக்காரர். தம்பி, சாமி, சோறு, புளி என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, அந்தக் கடையில் கறி வெட்டும் இடத்தைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. அங்கே அப்படி ஓர் இடமே இல்லை.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். இந்த நாட்டில் நெருப்பில் சுட்ட நல்ல கறி வேண்டுமென்றால் கறிக்கடையைத் தேடுங்கள். கறி வேகமாக விற்றுத் தீரும் கடையாக இருக்கவேண்டும்; அதன் பின்கட்டிலோ முற்றத்திலோ விறகு எரியவேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் மேசை ஆடினாலும் பரவாயில்லை.

முதலில் சொற்கள்

பிராய் என்பது ஆப்பிரிக்கான்ஸ் சொல். கறி சுடுவதும் பிராய், சுடும் அடுப்பும் பிராய், அதற்காக நாலு பேர் கூடுவதும் பிராய். ஷிசா ஞாமா சூலு மொழி. ஷிசா என்றால் சுடு, இஞாமா என்றால் இறைச்சி. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'நியாமா' என்று இழுக்க வேண்டாம், நம் ஞாயிற்றில் வரும் அதே ஞ. நம் நாக்குக்கு இது ஒரு சலுகை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், சரியாக உச்சரித்தாலே கவுன்டரில் ஒரு புன்னகை கிடைக்கும்.

கறுப்பின மக்களின் நகரியங்களில் கறிக்கடைக்காரர்கள் வாங்கிய கறியை அங்கேயே சுட்டுத் தர ஆரம்பித்ததுதான் ஷிசா ஞாமா. நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பச்சைக் கறியைக் காட்டித் தேர்ந்தெடுக்கிறீர்கள், எடை போடுகிறார்கள், கிலோ கணக்கில் காசு கட்டுகிறீர்கள், நெருப்பருகே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் அல்லது நீங்களே கொடுக்கிறீர்கள். மெனு அட்டை இருக்காது, இருந்தாலும் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார்கள். நான் சொல்லும் 'நல்ல இடம்' பெரும்பாலும் இந்த வகை.

மற்ற வகைகளும் உண்டு. ஸ்டேக் உணவகங்கள் எல்லா மாலிலும் இருக்கின்றன. குழந்தைகளோடு, குளிர்சாதன அறையில் சாப்பிட நினைத்தால் போங்கள், அதற்கு வழிகாட்டி தேவையில்லை. போர்ச்சுகீசியர்களின் பெரி-பெரி கோழி இன்னொரு வகை. மொசாம்பிக் வழியாக வந்த மிளகாய், எலுமிச்சை, பூண்டு ஊறல். 1987இல் ஜோஹானஸ்பர்க்கின் ரோசட்டன்வில்லில் ஒரு சிறு கோழிக்கடையாகத் தொடங்கிய நாண்டோஸ் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. மூன்றாவது, நம் ஆட்களின் பிராய். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்திறங்கியவர்களின் வழிவந்த குடும்பங்களில் பலவற்றில் மொழி போய்விட்டது, மசாலா போகவில்லை. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், சோம்பு, எலுமிச்சை போட்டு இரவு முழுக்க ஊறவைத்த சாப்ஸ் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் கறிக்கடைகளில் ஊறவைத்தபடியே கிடைக்கும். ஆனால் அதை நெருப்பில் வாட்டிப் பரிமாறும் கடைகள் குறைவு. அது வீட்டுப் பின்முற்றத்துச் சாப்பாடு. அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள்.

முதல் படி: யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

'நல்ல பிராய் கடை எது?' என்று கேட்டால் எல்லோரும் பேர்பெற்ற கடையின் பெயரைத்தான் சொல்வார்கள். டர்பனில் அப்படிக் கேட்டால் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசி நகரியத்தின் மேக்ஸஸ் லைஃப்ஸ்டைல், எயாதினி என்ற இரண்டு பெயர்கள் வந்து விழும். இரண்டுமே ஊரறிந்த இடங்கள், தவறில்லை. ஆனால் பிரபலமான இடத்தில் பாதிப் பேர் பாட்டுக்கும் கூட்டத்துக்கும் வந்தவர்களாக இருப்பார்கள். கறிக்காக மட்டும் வருகிறவர்கள் போகும் இடம் வேறு.

அதனால் கேள்வியை மாற்றுங்கள்: 'போன ஞாயிறு எங்கே சாப்பிட்டீர்கள்? என்ன வாங்கினீர்கள்?' பதில் உடனே வந்தால் அது உண்மை. எங்கள் அலுவலக வாசலில் இருக்கும் காவலரிடம் இப்படித்தான் கேட்டேன். உம்லாசிக்காரர். கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு கறிக்கடையைச் சொல்லிவிட்டு, "பூட்டி, நாலு மணிக்கு மேல் போகாதே, நல்ல துண்டெல்லாம் தீர்ந்துவிடும்" என்றார். பூட்டி என்றால் அண்ணன், தம்பி எல்லாம்தான். எந்தத் துண்டு எப்போது தீரும் என்று சொல்லத் தெரிந்தவரை நம்பலாம்.

கேட்கத் தகுந்தவர்கள்: பெட்ரோல் பங்க்கில் எரிபொருள் நிரப்புகிறவர்கள், மினிபஸ் டாக்ஸி ஓட்டுநர்கள், கட்டட வேலைக்காரர்கள். மதியம் பசியோடு இருப்பவர்கள், காசைப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள். மூன்று பேர் ஒரே கடையைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வரவேற்பறையில் கேட்பதால் பயனில்லை.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். சாட்ஸ்வொர்த்தும் உம்லாசியும் கிட்டத்தட்ட ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைப் பெயர்த்து வந்து, வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசிக்கும் நடுவே ஒரு தடுப்பு மாதிரி 60களில் கட்டியதுதான் சாட்ஸ்வொர்த். சட்டம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆனால் அங்கிள் தம் எழுபது வயதில் உம்லாசியில் உட்கார்ந்து சாப்பிட்டது என்னோடு வந்தபோதுதான் முதல் முறை. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். திரும்பும்போது காரில் அவர் அதிகம் பேசவில்லை. சாப்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் படி: கைப்பேசியில் பார்க்கவேண்டியது

வரைபடச் செயலியில் நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். மதிப்புரைகளைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். கடை இன்னும் இயங்குகிறதா என்பதே பல நேரம் கேள்வி. கேப் டவுனின் குகுலெத்துவில் 2003இல் தொடங்கிய ம்சோலீஸ் நாட்டிலேயே பெயர்போன ஷிசா ஞாமா. சுற்றுலாப் பயணிகள் பேருந்து பேருந்தாக வந்தார்கள். கொரோனாக் காலத்தோடு அது மூடப்பட்டது. இன்றும் பழைய பட்டியல்களில் முதலிடத்தில் நிற்கிறது, நம்பிப் போனால் பூட்டிய கதவுதான்.

அப்புறம் படங்கள். கடைக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு வாடிக்கையாளர் எடுத்தவற்றைப் பாருங்கள். மரப்பலகையில் கறி, கையால் எடுக்கும் விரல்கள், பின்னால் புகை, கண்ணாடிப் பெட்டியில் பச்சைக் கறி என்று இருந்தால் நல்ல அறிகுறி. படமெல்லாம் நீல விளக்கும் மதுக்குப்பியுமாக இருந்தால் அது இரவு விடுதி. 'காத்திருக்க வைத்தார்கள்' என்ற புகாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; விறகு நெருப்பில் முக்கால் மணி நேரம் என்பது சாதாரணம். 'கறி கடினமாக இருந்தது', 'நேற்றைய கறி மாதிரி இருந்தது' என்று இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: சாப்பிடாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீட்டுக்குக் கறி வாங்கப் போகிறவர் மாதிரி போங்கள். அரைக் கிலோ ஏதாவது வாங்கிக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள்.

கறி வெட்டும் மேசை ஈரமாக இருக்கிறதா, காய்ந்து நாறுகிறதா? ரம்பத்தில் எலும்பை இப்போது அறுத்துத் தருகிறார்களா, எல்லாம் ஏற்கெனவே தட்டில் வெட்டி அடுக்கியிருக்கிறதா? அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டுக்குக் கறி வாங்க வருகிறார்களா? இதுதான் எனக்கு மிகப் பெரிய சான்று. ஒரு கறிக்கடை மேல் அந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு நம்பிக்கை இருந்தால், அங்கே சுடும் கறியும் நன்றாக இருக்கும். மின்வெட்டு நாட்களில் குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பதையும் சும்மா கேட்டுவையுங்கள். நெருப்புக்கு மின்சாரம் வேண்டாம், கறிக்கு வேண்டும்.

பிறகு பின்பக்கம் போய் நெருப்பைப் பாருங்கள். தடுக்கமாட்டார்கள், பெருமையாகக் காட்டுவார்கள். தடுத்தால் அதுவே பதில்.

விறகா, கரியா, கரிக்கட்டியா? விறகு சிறந்தது. குவாசூலு-நடால் பக்கம் வாட்டில் மரமும் செக்கல்போஸ் என்கிற முள்மரமும் சாதாரணம். கேப் பக்கம் ரோய்க்ரான்ஸ்; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து காடாகப் பரவிய வேல மரம், வெட்டி எரித்தால் நாட்டுக்கே நல்லது. கமீல்டோரிங் என்ற ஒட்டகமுள் மரத்தின் கனல் மணிக்கணக்கில் நிற்கும் என்று கொண்டாடுவார்கள், ஆனால் தென்னாப்பிரிக்காவில் அது பாதுகாக்கப்பட்ட மரம். கரி என்றால் மரக்கரி பரவாயில்லை. நிறைய நமீபியாவிலிருந்து வருகிறது. பெட்டியில் வரும் அழுத்திய கரிக்கட்டி சூடு தரும், மணம் தராது. பெட்ரோல் வாடை வீசும் தீமூட்டிக் கட்டிகளை நெருப்பு நடுவில் போட்டுவிட்டு உடனே கறியை வைக்கும் கடையில் கறியிலும் அந்த வாடைதான் இருக்கும்.

நெருப்பு எந்த நிலையில் இருக்கும்போது கறியை வைக்கிறார்கள்? இதற்கு நம் மொழியில் சொல் தயாராகவே இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. நாம் அதை அடங்கிக் கிடக்கும் கோபத்துக்குச் சொல்லிச் சொல்லி அடுப்பை மறந்துவிட்டோம். கனல் மேல் வெள்ளைச் சாம்பல் மெல்லப் படர்ந்து, உள்ளே செக்கச்செவேலென்று இருக்கிறதே, அதுதான் கணக்கு. தழல் எழுந்து கறியை நக்கினால் வெளியே கருகும், உள்ளே பச்சை. கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணிப் பாருங்கள். நான்கு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் ஸ்டேக்குக்கும் சாப்ஸுக்கும் ஏற்ற சூடு. ஏழெட்டு வரை தாங்கினால் கோழிக்கும் சாசேஜுக்கும். நல்ல பிராய் மாஸ்டர் கனலை ஒரு பக்கம் குவித்தும் இன்னொரு பக்கம் பரப்பியும் இரண்டு சூட்டையும் ஒரே அடுப்பில் வைத்திருப்பார். அவர் இடுக்கியால் கறியை நகர்த்திக்கொண்டே இருக்கிறாரா, கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று பத்து நிமிடம் கவனியுங்கள். முள்கரண்டியால் குத்தித் திருப்புகிறவராக இருந்தால், வாங்கிய அரைக் கிலோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

நான்காம் படி: எதை வாங்குவது

தமிழ்நாட்டில் மட்டன் என்றால் ஆடு, அவ்வளவுதான். இங்கே மட்டன் என்றால் முற்றிய செம்மறி, லாம் என்றால் இளம் செம்மறி, வெள்ளாடு தனி. நான் வந்த புதிதில் மட்டன் சாப்ஸ் ஒரு கிலோ வாங்கிச் சுடக் கொடுத்து, தாடை வலிக்க மென்றேன். குழம்புக்கு மட்டன், நெருப்புக்கு லாம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி கிணறு தாண்டியாயிற்று. உடற்கறியில் இருக்கும் முத்திரையிலும் வயது தெரியும்: ஏ என்றால் நிலைப்பல் முளைக்காத இளசு, ஏபி, பி, சி என்று போகப்போக முற்றல். உடற்கறி தொங்கும் கடையில் கேட்டால் காட்டுவார்கள்.

சாப்ஸில் ஓரத்துக் கொழுப்பு அரை விரல் அகலம் இருக்கவேண்டும். கொழுப்பை வெட்டித் தரச் சொல்லாதீர்கள். அது உருகி வழிந்துதான் கறி காயாமல் இருக்கிறது, வேண்டாமென்றால் தட்டில் ஒதுக்கிக்கொள்ளலாம். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் முதல் தடவை சக் என்கிற தோள்பட்டைத் துண்டு அல்லது எலும்போடு சேர்ந்த டி-போன் கேளுங்கள். விலை குறைந்த சக் துண்டைப் பக்குவமாகச் சுட்டுத் தரத் தெரிந்த கடை மற்றதையும் நன்றாகச் செய்யும். கோழியில் இறக்கைதான் சோதனை. எலும்போரம் சிவப்பாக, ஈரமாக இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பூரவோர்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சுருள் சுருளாகக் கிடக்கும் நீளமான சாசேஜ் அது. கடித்தால் முதலில் வருவது வறுத்த கொத்தமல்லி விதை. பின்னால் ஜாதிக்காய், கிராம்பு, மிளகு, கொஞ்சம் வினிகர். எனக்கு முதல் கடியிலேயே அம்மா அரைக்கும் மல்லிப்பொடி ஞாபகம் வந்தது. இந்தச் சாசேஜுக்கு அரசு விதியே இருக்கிறது, 1990 நவம்பரில் வந்தது. குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருக்கவேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இறைச்சி மாடு, செம்மறி, பன்றி இவற்றில் ஒன்றாகவோ கலவையாகவோ இருக்கவேண்டும். தரம் இறங்கினால் பூரவோர்ஸ் என்ற பெயரே போட முடியாது; பிராய்வோர்ஸ் மாதிரி வேறு பெயரில் விற்பார்கள். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கறிக்கடை தன் கையால் செய்த பூரவோர்ஸ் கடைக்குக் கடை வேறு ருசி, நம் ஊரில் வீட்டுக்கு வீடு சாம்பார் வேறு மாதிரி. மடக்குக் கம்பிக்குள் சுருளோடு வைத்து அப்படியே புரட்டிச் சுடவேண்டும், தோலில் ஒரு துளைகூட விழக் கூடாது. விழுந்தால் சாறெல்லாம் நெருப்புக்குப் போய்விடும்.

ஐந்தாம் படி: மாடு, பன்றி, ஹலால்

நம்மில் பலருக்கு இது முதல் கேள்வி. கூச்சத்தால் கடைசியில் கேட்கிறோம். கூச்சமே வேண்டாம், இந்த ஊரில் எல்லோருக்கும் பழகிய கேள்விதான். சூலுவில் நான்கு சொற்கள் போதும்: இஞாமா யென்கோமோ என்றால் மாடு, இஞாமா யெம்வு என்றால் செம்மறி, இன்குக்கு என்றால் கோழி, இன்குலுபே என்றால் பன்றி. விலை கேட்க 'மலினி?'. நன்றிக்கு 'ங்கியபோங்கா'.

தெரிந்துகொள்ளவேண்டியது இது: பூரவோர்ஸில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பல இடங்களில் பன்றிக் கொழுப்பும் சேரும். மாடு சாப்பிடாதவர்கள் செம்மறிச் சாசேஜோ கோழிச் சாசேஜோ கேட்டு வாங்கவேண்டும். இந்தியர்களின் கறிக்கடைகளில் இரண்டும் கிடைக்கும். ஷிசா ஞாமாவில் ஒரே கம்பியில்தான் எல்லாம் வேகும். தனிக் கம்பி வேண்டுமென்றால் கூட்டமில்லாத நேரத்தில் போய்க் கேளுங்கள். எனக்கு ஒருமுறை அடுப்பின் ஓரத்தைத் துடைத்து, அங்கிளின் சாப்ஸுக்கென்று தனிக் கம்பி வைத்துக் கொடுத்தார்கள். ஞாயிறு மூன்று மணிக்குக் கேட்டால் முறைப்பார்கள், அதுவும் நியாயம்தான். கண்டிப்பான ஹலால் வேண்டுமென்றால் சுவரில் சான்றிதழ் தொங்குகிறதா, தேதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். டர்பனில் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. ஜோஹானஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் இரவில் போனால் தெரு முழுக்கப் புகைதான்.

ஆறாம் படி: ஆர்டர் செய்து சாப்பிடுவது

முதல் தடவை குறைவாக வாங்குங்கள். இரண்டு பேருக்கு நான்கு லாம் சாப்ஸ், ஒரு முழ நீளம் பூரவோர்ஸ், நான்கு கோழி இறக்கை. மசாலா வேண்டுமா என்று கேட்பார்கள். பாதியை வெறும் உப்போடு சுடச் சொல்லுங்கள். அதில்தான் கறியின் நிஜம் தெரியும். இனிப்புச் சாறு பூசாமல் தர மறுக்கிற கடை எதையோ மறைக்கிறது என்பது என் கட்சி. அங்கிள் ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்குச் சாறு பிடிக்கும்.

கறி மரப்பலகையிலோ பெரிய தட்டிலோ துண்டு போட்டு வரும், எல்லோருக்கும் பொது. கைகழுவத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கையால்தான் சாப்பிடவேண்டும். இந்த இடத்தில் நமக்கு யாரும் எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை.

கூட வருவது பப், வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. கெட்டியாகக் கிண்டியது கேழ்வரகுக் களி மாதிரி உருட்டித் தொட்டுச் சாப்பிட. உதிரியாகக் கிண்டியதைச் சூலுவில் உபுத்து என்பார்கள். காதில் விழும்போது நம் புட்டு, கையில் எடுத்தாலும் உதிர்ந்து புட்டு மாதிரியேதான். இரண்டுக்கும் உறவு இருக்கிறதென்று நான் சொல்லவில்லை, ஆனால் ஊரிலிருந்து வந்த என் மாமியார் மறுபேச்சில்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டார். தொட்டுக்கொள்ளச் சக்கலக்கா: வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கேரட், பெரும்பாலும் பீன்ஸும், மேலே கறிமசாலாத்தூள். சக்கலக்கா டப்பாவிலிருந்து கொட்டியதா, அன்று காலை வதக்கியதா என்று ஒரு வாயில் தெரிந்துவிடும். அன்றாடம் வதக்கும் கடை மற்ற எல்லாவற்றிலும் கவனமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். சாட்ஸ்வொர்த் பக்கமென்றால் கேரட் துருவிப் பச்சைமிளகாய், வினிகர் சேர்த்த சம்பலும் வரும்.

நேரம், வண்டி, காசு

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் முதல் கனல் உங்களுக்கு. இரண்டு மணிக்கு வரிசை. நான்கு மணிக்கு அமாபியானோ பாட்டு நெஞ்சை அதிரவைக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கத்தவேண்டும். இளைஞர்களுக்கு அதுதான் தேவை, வயதானவர்களோடு போனால் அதற்குள் கிளம்பிவிடுங்கள். முதல் முறை அந்தப் பகுதிக்காரர் ஒருவரோடு போவது நல்லது. பயத்துக்காகச் சொல்லவில்லை, உம்லாசியில் முகவரி தெருப்பெயரைவிடப் பிரிவு எழுத்தை வைத்துத்தான், வழிகாட்டும் செயலியும் குழம்பும். இருட்டுவதற்குள் திரும்புங்கள், கைப்பேசியை மேசைமேல் வைக்காதீர்கள். டர்பனில் எங்கும் பின்பற்றும் சாதாரண எச்சரிக்கைதான். வண்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொஞ்சம் சில்லறை, நெருப்பருகே நின்றவருக்குத் தனியாக ஏதாவது. மேசைக்கு வந்து பரிமாறும் இடமென்றால் பத்து சதவீதம் வழக்கம். அட்டை இயந்திரம் சிக்னல் இல்லாமல் நிற்கும், கையில் காசு இருக்கட்டும். மது உரிமம் இல்லாத கடைகளுக்குக் குளிர்பெட்டியோடு வருவார்கள். எது அனுமதி என்று முன்பே கேளுங்கள்.

புரட்டாசியில் என்ன செய்வது

செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய நாள், விடுமுறை. 1995க்கு முன் இந்த மாகாணத்தில் ஷாகா நாளாகக் கொண்டாடியது. 2005இல் ஜான் ஸ்கேனல் என்பவர் அதைத் தேசியப் பிராய் நாளாக்க இயக்கம் தொடங்கினார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு 2007இல் அதன் புரவலரானார். நாடு முழுக்க நெருப்பு மூட்டும் நாள். அது வந்து விழுவதோ புரட்டாசியில்! டர்பன் தமிழ்க் குடும்பங்களில் தமிழ் மறந்தவர்கள்கூடப் புரட்டாசியை மறப்பதில்லை, மாதம் முழுக்கக் கறி கிடையாது. நாடே கறி சுடும் நாளில் அங்கிள் வீட்டு அடுப்பில் உப்பும் எலுமிச்சையும் தேய்த்த மக்காச்சோளக் கதிர், தாளில் சுற்றிய சர்க்கரைவள்ளி, பிராய்புரோய்கி என்கிற தக்காளி வெங்காயச் சீஸ் ரொட்டி. ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி மடக்குக் கம்பியில் தணலில் வாட்டவேண்டும். கடையில் வேண்டுமென்றால், சோளக் கதிர் தெருவோரத்திலேயே கிடைக்கும். ஷிசா ஞாமாவில் சைவம் தேடி அலையாதீர்கள், அது நியாயமான எதிர்பார்ப்பு இல்லை.

டர்பனை விட்டு வெளியே போனால்

ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் ஆர்லாண்டோ கோபுரங்களின் அடியில் சாஃப் போசி, விலகாசி தெருவில் சகும்சி. இரண்டும் வெளியூர்க்காரர்களுக்குப் பழகிய இடங்கள், முதல் அனுபவத்துக்குப் போகலாம். டெம்பிசா பக்கம் பிசி கார்னர் பெரிய இடம். கேப் பக்கம் போனால் கறியை விட்டுவிட்டு ஸ்னூக் மீனைத் தேடுங்கள். பிளந்து, வெண்ணெய் பூண்டோடு சர்க்கரைப்பாதாமி ஜாம் தடவிச் சுடுவார்கள். ஜாமா என்று முகம் சுளித்தேன், பிறகு இன்னொரு துண்டு கேட்டேன். முள் நீளம், குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுங்கள்.

கடைசிப் படி: இரண்டாவது தடவை

ஒருமுறை நன்றாக இருந்ததால் பட்டியலில் சேர்க்காதீர்கள். மூன்று வாரம் கழித்து, வேறொரு கிழமையில், அதே துண்டுகளை அதே மாதிரி வாங்கிப் பாருங்கள். பிராய் மாஸ்டர் மாறியிருந்தால் ருசியும் மாறியிருக்கும். அவர் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கடைக்கு போன் செய்து அவர் அன்று இருக்கிறாரா என்று கேட்கலாம். நான் ஒரு சின்ன நோட்டில் கடை, தேதி, விறகு, என்ன வாங்கினேன், யார் சுட்டது என்று ஐந்தே வரி எழுதிவைக்கிறேன். நான்கு வருடத்தில் முப்பத்தொரு கடை, அடிக்கோடிட்டது நான்கு. காவலர் சொன்ன கறிக்கடை அதில் முதல்.

கிளம்பும்போது காரில் ஈரத்துண்டு ஒன்று, பழைய சட்டை ஒன்று. புகை வாசனை இருக்கையில் இரண்டு நாள் நிற்கும். வரும்போது கவுன்டரில் வீட்டுக்கும் அரைக் கிலோ பச்சைச் சாப்ஸ் கட்டச் சொல்லுங்கள், கொழுப்போடு.